பதினொன்றிலிருந்து எட்டுக்கு

அன்புள்ள யாழினி,

போர்டு கூட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொன்னாய். நெப்ராஸ்கா மாநிலத்துச் சின்ன ஊரில் இருக்கிற உன் பள்ளியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற பையன்கள் 19 பேராகக் குறைந்துவிட்டார்கள். பதினொரு பேர் ஆட்டத்திலேயே நிற்பதா, எட்டுப் பேர் ஆட்டத்துக்கு மாறுவதா என்பதுதான் கேள்வி. மாறிவிடு அம்மா. இந்த முறையே மாறிவிடு. டீம் கலைந்த பிறகு மாறுவதும், டீம் இருக்கும்போதே மாறுவதும் ஒன்றல்ல.

19 என்ற மொத்தத்தைப் பார்க்காதே. வகுப்புவாரியாகப் பிரித்துப் பார். பன்னிரண்டாம் வகுப்பில் 7, பதினொன்றில் 5, பத்தில் 3, ஒன்பதில் 4. மே மாதம் அந்த ஏழு பேரும் போய்விடுவார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து ஆறு பேரும் வந்தால்கூட ஆகஸ்டில் உன்னிடம் இருப்பது 18. அதில் உடம்பு முற்றிய பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் எட்டே பேர். மீதிப் பத்துப் பேருக்கும் பதினான்கு, பதினைந்து வயது. பதினொரு பேரை இறக்கினால் ஒவ்வொரு பிளேயிலும் (பந்து நகரத் தொடங்கி நிற்கும்வரை ஒரு பிளே) மூன்று சின்னப் பையன்கள் எதிர் டீமின் சீனியர்களுக்கு எதிரே நிற்க வேண்டும். எட்டுப் பேர் ஆட்டத்தில் ஒருவனும் நிற்க வேண்டியதில்லை. போர்டில் இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சின்ன டீமில் பையனுக்கு ஓய்வு கிடையாது. பந்து நம்மிடம் இருக்கும் அஃபென்ஸில் ஏறத்தாழ 60 பிளே, எதிராளியைத் தடுக்கும் டிஃபென்ஸில் 60, அதற்குமேல் பந்தை உதைத்து அனுப்புகிற கிக் ஆஃபும் பன்ட்டும். 130 முறை மோதி எழுந்தவனுக்கு நான்காவது குவார்ட்டரில் முழங்கால் மடங்காது. முழங்கால் மடங்காவிட்டால் இடுப்பு தாழாது, இடுப்பு தாழாவிட்டால் தலை முன்னால் போகும். பந்தோடு வருபவனைப் பிடித்து வீழ்த்துகிற டேக்கிளில் கழுத்தும் தலையும் அடிபடுவது அப்படித்தான். அறுபது கிலோ இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பையன் முன்வரிசையில் நிற்கும் நூறு கிலோ லைன்மேனிடம் இரண்டு வெள்ளிக்கிழமை மேட்சில் அடி வாங்கினால், மூன்றாவது வாரம் அவன் அம்மா பள்ளிக்கு போன் செய்வார். அவன் போனால் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் போவார்கள். எண்ணிக்கை சரிவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பிராக்டிஸிலும் இதே கணக்கு. இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திப் பயிற்சி செய்யப் பதினொன்றுக்கு 22 பேர் வேண்டும், எட்டுக்கு 16, ஆறுக்கு 12. பதினெட்டில் இரண்டு பேர் கணுக்கால் சுளுக்கோடு உட்கார்ந்தாலும் 16 மிஞ்சும். பதினொரு பேர் ஆட்டத்தில் அதே பையன்கள் வாரம் முழுக்கப் பிளாஸ்டிக் டம்மிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு பழக வேண்டும். வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக முழு வேகத்தைப் பார்ப்பார்கள். அது பயிற்சியே இல்லை.

நாட்டு நிலவரத்தைச் சொல்லி யாராவது வாதாடினால் கவனமாகக் கேள். 2008-09இல் அமெரிக்கா முழுக்கப் பள்ளிகளில் பதினொரு பேர் ஃபுட்பால் ஆடியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். அதுதான் உச்சம். பிறகு படிப்படியாக இறங்கி 2021-22இல் 10 லட்சத்துக்குக் கீழே போய், மறு வருடம் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியது. அந்த ஏற்றத்தை நம்பி உன் ஊர் காத்திருக்கக் கூடாது. நகரத்துப் பள்ளியில் பையன்கள் இருக்கிறார்கள், ஆட வரவில்லை. உன் ஊரில் பையன்களே இல்லை. முன்பு பல குடும்பங்கள் உழுத நிலத்தை இன்று பெரிய டிராக்டரோடு ஒரே குடும்பம் பார்க்கிறது. அந்த மற்ற வீடுகளின் பிள்ளைகள் இப்போது ஒமஹா, டென்வர் போன்ற நகரங்களில் வளர்கிறார்கள். எந்தக் கோச் வந்தாலும் அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

"எட்டுப் பேர் ஆடுவதெல்லாம் ஃபுட்பாலா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களை மரியாதையாகவே உட்கார வைத்துப் பேசு. அந்த மைதானத்து விளக்குக் கம்பங்களை நட்டதே அவர்களாக இருக்கலாம். சிறிய ஊர்களுக்கான ஆறு பேர் ஆட்டத்தை உருவாக்கியவர் ஸ்டீபன் எப்லர். உன் நெப்ராஸ்காவில், ஹெப்ரன் என்ற ஊரில், 1934இல், ஊரெல்லாம் வறட்சியிலும் பணமுடையிலும் தவித்த காலத்தில். பதினொரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளும் ஆட வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தார். டெக்சாஸில் இன்றும் மிகச் சிறிய பள்ளிகள் ஆறு பேர் ஆட்டத்துக்கு மாநில சாம்பியன்ஷிப்பே ஆடுகின்றன. சின்ன ஊர் தனக்காகச் செய்துகொண்ட ஆட்டத்தைச் சின்ன ஊரே குறைவாகப் பேசுவதில் எனக்கு வருத்தம்தான்.

மைதான வேலையைக் கோடைக்குத் தள்ளாதே. பதினொரு பேர் மைதானம் கோல் கோட்டிலிருந்து கோல் கோட்டுக்கு 100 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி), அகலம் 160 அடி. எட்டுப் பேருக்கு 80 யார்டு நீளம், 40 யார்டு அகலம். அதாவது இரண்டு பக்கக் கோட்டையும் 20 அடி உள்ளே கொண்டுவர வேண்டும். நீளத்தில்தான் தப்பு நடக்கும். இரண்டு முனையிலும் பத்துப் பத்து யார்டு குறைத்துக் கோடு போட்டால், கோல் கம்பங்கள் இரண்டும் எண்ட் ஸோனுக்கு (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) பத்து யார்டு பின்னால் நிற்கும், கிக் அடிப்பவனுக்கு எல்லா தூரமும் பிசகும். ஒரு முனையை அப்படியே விட்டுவிட்டு, மறுமுனைக் கம்பத்தை மட்டும் 20 யார்டு உள்ளே தள்ளி நடுங்கள். கான்கிரீட் அடித்தளம் இறுக வேண்டும், அதனால் மண் உறைபனி விட்டதும் ஏப்ரலிலேயே தோண்டச் சொல். பழைய கோடுகளின் பெயின்ட் புல்லில் மிச்சமிருந்தால் நடுவர்கள் குழம்புவார்கள். நாலைந்து முறை புல் வெட்டினால் போய்விடும்.

பதினொன்று எட்டாகும்போது குறைவது பெரும்பாலும் முன்வரிசையில் டேக்கிள் என்ற இடத்தில் நிற்கும் இரண்டு பையன்களும் பின்னால் ஒருவனும். முன்வரிசை லைனில் ஐந்து பேர் நிற்க வேண்டும். இடம் அகலமாகத் திறந்து கிடப்பதால் ஓட்டமும் பாஸும் கூடும், ஸ்கோர் 50ஐத் தாண்டும். திறந்த வெளியில் ஒற்றையாக நின்று டேக்கிள் செய்யத் தெரியாவிட்டால் ஒரு தவறுக்கு எதிராளி கோல் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் எடுத்துவிடுவான். கோச் அதைத்தான் முதல் வாரத்திலிருந்தே கற்றுத்தர வேண்டும். ஆனால் முழு மோதல் ஒரு நாளைக்கு 30 நிமிடத்தையும், வாரத்துக்கு 90 நிமிடத்தையும் தாண்டக் கூடாது. பின்னால் ஒரு காலம் ஆறு பேருக்கே போக நேர்ந்தால் விதிகள் இன்னும் மாறும்: பந்தைத் தக்கவைக்க நான்கு முயற்சிக்குள் பத்து யார்டுக்குப் பதில் பதினைந்து யார்டு எடுக்க வேண்டும் (தூரம் அளக்க ஷெட்டில் இருக்கிற சங்கிலி உதவாது, 15 யார்டு சங்கிலி வாங்க வேண்டும்), ஆறு பேருமே பாஸ் பிடிக்கலாம், ஸ்னாப் (பிளே தொடங்கும்போது பின்னால் தரும் பந்து) வாங்கியவன் நேராக ஓட முடியாது, பந்து இன்னொருவன் கைக்கு மாறிய பிறகே பிளே தொடங்கிய கோட்டைத் தாண்டலாம்.

பக்கத்து ஊரோடு சேர்ந்து கோ-ஆப் டீம் போடலாம் என்றும் ஒருவர் சொல்வார். பதினைந்து மைலுக்குள் என்றால் யோசிக்கலாம். முப்பது மைல் என்றால் தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், மாலையில் மாட்டுக்குத் தீனி வைக்கிற பையன் முதலில் நின்றுவிடுவான். இரண்டு பள்ளியின் எண்ணிக்கையும் கூடி உங்களைப் பெரிய பள்ளிகளோடு மேல் பிரிவில் கொண்டுபோய்ப் போட்டாலும் போடும். நெப்ராஸ்காவில் மேட்ச் அட்டவணை இரண்டு வருடத்துக்குச் சேர்த்தே போடுகிறார்கள். இப்போது எட்டுக்கு மாறாமல் விட்டுவிட்டு நடுவில் டீமைக் கலைத்தால், உங்களோடு ஆட இருந்த ஊர்கள் தங்கள் ஹோம் மேட்சின் டிக்கெட் பணத்தையும் சேர்த்து இழக்கும். அதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

தலைக்காயம் பற்றிப் பெற்றோர் கேட்பதற்கு முன் நீயே பேசு. வாஷிங்டன் மாநிலம் 2009இல் இதற்கான முதல் சட்டம் போட்டது, ஐந்தே வருடத்தில் எல்லா மாநிலமும் போட்டுவிட்டன. கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) சந்தேகம் வந்தால் அன்று மறுபடி களமில்லை. மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகு லேசான நடை, ஓட்டம், மோதலற்ற பயிற்சி, முழுப் பயிற்சி, மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. சின்ன ஊரின் ஆபத்து என்னவென்றால், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஒருவன்தான், அவனுக்கு மாற்று இல்லை. வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க எல்லோருக்கும் அவன் "தேறிவிட்டான்" என்றே தோன்றும். அந்த முடிவு கோச்சுடையது அல்ல என்று எழுதி, கோச்சிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிவிடு.

ஹெல்மெட்டுகளை உடனே எண்ணிப் பார். பத்து வருடத்துக்கு மேற்பட்டதைப் பராமரிப்பு நிறுவனங்கள் மறுசான்று செய்து தருவதில்லை, அதை ஒதுக்கிவிடு. மற்றவற்றைக் குளிர்காலத்திலேயே அனுப்பு, வசந்தத்தில் அனுப்பினால் ஆகஸ்டுக்குள் வராது. புதுப் பையனுக்கு மாட்டும்போது விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை இருக்கட்டும். முகக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பு. நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் கன்னத்துப் பேடை மாற்று. முடி வெட்டிக்கொண்டு வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகஸ்டின் முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஷோல்டர் பேடும். ஆறாம் நாளிலிருந்துதான் முழு உடுப்பு. மைதானத்து ஓரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற பெரிய தொட்டி ஒன்றும் ஐஸும் தயாராக இருக்கட்டும். வெயிலில் ஒருவன் உளறத் தொடங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு உடனே தொட்டியில் இறக்கு. முதலில் உடம்பைக் குளிர வைக்க வேண்டும், மருத்துவமனைப் பயணம் அதற்குப் பிறகு.

ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குத் திங்கட்கிழமை மேட்ச் கட்டாயம் வேண்டும். பக்கத்துப் பள்ளியிலும் ஆள் இருக்காது, அதனால் ஆறுக்கு ஆறு, பாதி மைதானம், இரண்டு குவார்ட்டர் என்று பேசி முடி. நடுவர் கிடைக்காவிட்டால் கோச்சுகளே விசில் ஊதலாம். வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத் திங்கட்கிழமை பந்து கையில் கிடைத்தால் அடுத்த வருடமும் வருவான்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களின் எண்ணிக்கையையும் எழுதி அனுப்பு. அதையும் சேர்த்தால் நான்கு வருடக் கணக்கை ஒரே பக்கத்தில் போட்டுத் தருகிறேன். கூட்டத்தில் ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா