செல்வி, உன் சைபர் செக்யூரிட்டி லேபுக்கு நான் நினைக்கிறது

அன்புள்ள செல்வி,

உன் மெயில் பார்த்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வாக்கர் பிடிச்சு நடக்குறாங்கன்னு படிச்சதும் நிம்மதியாச்சு. பிசியோவை மட்டும் விட்டுடாதடி, வலிக்குதுன்னு சொல்லுவாங்க, அதுக்கெல்லாம் இளகிடாத. இங்க நாங்க எல்லாரும் சுகம். பெரியவ ப்ளஸ் ஒன் சேர்ந்துட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கிட்டா. எனக்கு நைட் ஷிஃப்ட் இப்ப குறைச்சிருக்காங்க, அதான் ஒக்காந்து நீளமா எழுத முடியுது.

சரி நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். சைபர் செக்யூரிட்டி பிராஞ்ச் பசங்க ரெண்டாம் வருஷம் வந்துட்டாங்க, மேனேஜ்மெண்ட் ஏதோ ஒரு கம்பெனியோட எம்ஓயூ போட்டு ஆளுக்கொரு சர்டிஃபிகேட் வாங்கிக் குடுத்துடலாம்னு இருக்கு, லேபை உன் தலையில கட்டிட்டாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருந்த. சர்டிஃபிகேட் வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன், எச்ஆர் ஃபில்டர்ல அது ஒரு டிக், அவ்வளவுதான். ஆனா உள்ள வந்து ஒக்காந்தப்புறம் என்ன நடக்குதுன்னு சொல்றேன் கேளு.

எங்க எஸ்ஓசில, அதாவது கம்பெனி நெட்வொர்க்கை ராப்பகலா கண்காணிக்கிற டீம்ல, ஃபிரெஷர் இன்டர்வியூன்னா நான் ஒரு பேப்பரை நீட்டுவேன். விண்டோஸ் செக்யூரிட்டி லாக்ல இருந்து, அதாவது யாரு எப்ப லாகின் பண்ணாங்கன்னு சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவுல இருந்து எடுத்த ஒரு பக்கம். வரிசையா 4625, 4625, 4625ன்னு இருக்கும், அதாவது லாகின் ஃபெயில். எல்லாம் ஒரே ஐபில இருந்து வருது, ஆனா வரிக்கு வரி யூசர் நேம் வேற, ஒரு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல முயற்சி இல்ல. கீழ போனா நடுவுல ஒரே ஒரு 4624, லாகின் சக்சஸ். என்ன நடந்திருக்குன்னு சொல்லுன்னு கேப்பேன். நெறைய பேரு நல்லா படிச்ச பிள்ளைங்கதான், கான்ஃபிடென்ஷியாலிட்டி இன்டெக்ரிட்டி அவைலபிலிட்டின்னு மூச்சு விடாம சொல்லுவாங்க, இந்தப் பேப்பரைப் பார்த்ததும் பேச்சே வராது, ஏன்னா படிச்ச நாலு வருஷத்துல ஒரு லாகைக் கூட யாரும் அதுங்களுக்குக் காட்டினது இல்ல. போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா, ஆர்ட்ஸ் காலேஜ்ல பிசிஏ, கையில ஒரு சர்டிஃபிகேட்டும் இல்ல. பென்சில் கேட்டு வாங்கி அந்த 4624ஐ வட்டம் போட்டா, "மேம் இவங்க வழக்கமா இந்த நேரத்துக்கு லாகின் பண்றவங்களா, இல்லன்னா மொதல்ல இந்த அக்கவுண்ட்டை முடக்கிட்டு அப்புறம் பேசலாமா"ன்னு கேட்டா. ஒரே பாஸ்வேர்டைப் பல பேரு அக்கவுண்ட்ல போட்டுப் பாக்குற இதுக்குப் பாஸ்வேர்ட் ஸ்ப்ரேன்னு பேருன்னு அவளுக்குத் தெரியல. பேரை ஒரு நிமிஷத்துல சொல்லிக் குடுத்துடலாம், அந்தக் கேள்வி கேக்குற புத்தியை எங்க சொல்லிக் குடுக்குறது? அவளை எடுத்துட்டோம், இன்னிக்கு எங்க டீம்ல நல்ல ஆளு. எங்கம்மா கத்துக்கிட்டன்னு கேட்டதுக்கு அண்ணன் லேப்டாப்ல ராத்திரி பேண்டிட் ஆடுவேன் மேம்னு சொன்னா.

நீயும் அங்கயே ஆரம்பிச்சுடு. ஓவர்தவயர்னு ஒரு தளத்துல பேண்டிட்னு ஒரு விளையாட்டு, பைசா செலவில்ல, தூரத்துல இருக்குற கம்ப்யூட்டர்ல லாகின் பண்ற எஸ்எஸ்எச் இருந்தா போதும், போர்ட் நம்பர் 2220. மொத லெவல்ல ரீட்மின்னு ஒரு ஃபைல், திறந்தா அடுத்த லெவல் பாஸ்வேர்ட். அதுக்கடுத்ததுதான் அழகு. ஃபைலோட பேரே ஒரு சின்னக் கோடு, வெறும் ஹைஃபன். பசங்க வழக்கம்போல ஃபைலைக் காட்டுற கேட் கமாண்டுக்கு அப்புறம் அந்தக் கோட்டை அடிப்பாங்க, ஒண்ணும் வராது, கர்சர் மட்டும் துடிச்சுக்கிட்டே நிக்கும், மேடம் சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுன்னு ஓடி வருவாங்க. ஹேங் ஆகல, கோடு போட்டா கீபோர்டுல இருந்து இன்புட் வரும்னு அது காத்துக்கிட்டு இருக்கு. முன்னாடி ஒரு புள்ளியும் சாய்ஞ்ச கோடும் சேர்த்து அடிச்சா ஃபைல் திறந்துடும். நீ விடையைச் சொல்லிடாதடி. ஒரு பீரியட் போனாலும் போகட்டும், மேனுவல் பேஜை அதுங்களே திறந்து படிக்கட்டும். அப்படி முட்டி மோதிக் கண்டுபிடிச்சது மறக்காது.

அடுத்து பிக்கோசிடிஎஃப். சிடிஎஃப்னா ஓட்டையைக் கண்டுபிடிச்சு உடைச்சு, ஒளிச்சு வச்ச விடையை எடுக்குற போட்டி. அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டி 2013ல ஸ்கூல் பசங்களுக்காக ஆரம்பிச்சது, அதுவும் ஃப்ரீ, பிரவுசருக்குள்ளயே லினக்ஸ் ஷெல் வந்துடும், அதனால உங்க லேப் சிஸ்டத்துல எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டேங்கிறாங்கன்னு நீ புலம்பத் தேவையில்ல. போட்டி வருஷத்துக்கு ஒரு தடவை, பழைய புதிரெல்லாம் வருஷம் பூரா திறந்து கிடக்கு. நம்ம பக்கம்னா அமிர்தா யுனிவர்சிட்டி பசங்க இருக்காங்க, அமிர்தபுரி கேம்பஸ்ல பயோஸ்னு ஒரு டீம், சிடிஎஃப்ல நாட்டுலயே முன்னணி டீம்கள்ல ஒண்ணு, இன்சிடிஎஃப்னு போட்டியும் அவங்களே நடத்துறாங்க, ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் தனியா உண்டு. கொல்லம் பக்கம்தான், செங்கோட்டை தாண்டினா போயிடலாம், முடிஞ்சா உன் பசங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போ. சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக் குடுத்து சொல்லிக் குடுத்தே வளந்த டீம் அது, அதைப் பசங்க நேர்ல பாக்கணும்.

வெப் பக்கத்துக்கு ஜூஸ் ஷாப் போதும். வெப் பாதுகாப்புக்குன்னு இருக்குற ஓவாஸ்ப் அமைப்போட வேலை, வேணும்னே ஓட்டை ஓட்டையா கட்டின ஒரு ஜூஸ் கடை வெப்சைட், டாக்கர்னு ஒரு சாஃப்ட்வேர் இருந்தா ஒரே கமாண்டுல ஏறிடும். லாகின் பேஜ்ல ஈமெயில் கேக்குற எடத்துல ஒரு ஒத்தை மேற்கோள் குறி, ஆர் (OR), ஒண்ணு ஈக்குவல் டு ஒண்ணு, கடைசியில ரெண்டு ஹைஃபன், பாஸ்வேர்டுல வாய்க்கு வந்ததை அடி, நேரா அட்மினா உள்ள போயிடுவ. கிளாஸ் பூரா கத்தும் பாரு. கத்தி முடிச்சதும் விட்டுடாத, ஏன் நடந்துச்சுன்னு டேட்டாபேஸ்கிட்ட கேக்குற அந்த எஸ்க்யூஎல் வரியை போர்டுல எழுதச் சொல்லு, கண்டிஷன் எப்பவும் உண்மையாயிடுது, ரெண்டு ஹைஃபனுக்கு அப்புறம் இருக்கறது கமெண்ட்டாப் போயிடுது, பாஸ்வேர்டை யாரும் சரி பாக்கவே இல்ல. ஜூஸ் ஷாப்லயே சில ஓட்டைகளுக்குக் கோடிங் கேள்வி இருக்கு, ஓட்டை எந்த வரியில இருக்குன்னு காட்டணும், அப்புறம் சரியான திருத்தம் எதுன்னு தேர்ந்தெடுக்கணும். அந்தத் திருத்தத்தைச் செய்யாத பசங்களுக்கு மார்க் போடாத, நான் கண்டிப்பா சொல்றேன்.

இதுவரைக்கும் சொன்னதை யாரும் சொல்லுவாங்க, யூட்யூப்ல தேடினாலே கிடைக்கும். எனக்கு முக்கியம் இதுக்கு அடுத்ததுதான். இந்தச் சிடிஎஃப் எல்லாம் உடைக்கிறதைத்தான் கத்துக் குடுக்குது. உன் பசங்களுக்கு மொத வேலை கிடைக்கப் போறது பெரும்பாலும் எங்கள மாதிரி எஸ்ஓசில, எல் ஒன் அனலிஸ்ட்டா, அதாவது வர்ற அலர்ட்டை மொதல்ல பாக்குற ஆளா. அங்க யாரும் எதையும் உடைக்கச் சொல்லமாட்டாங்க. அலர்ட் வரும், பாதிக்கு மேல ஒண்ணுமில்லாத அலர்ட், அதுல எது நெசம்னு பிரிக்கணும், என்ன பாத்தேன், என்ன பண்ணினேன், என்ன மிச்சம் இருக்குன்னு எழுதணும். அம்மாவை வார்டுல வச்சிருந்தப்ப நைட் நர்ஸ் எழுதி வச்ச கேஸ் ஷீட்டைப் பாத்துத்தானே காலையில வந்த நர்ஸ் மாத்திரை குடுத்தாங்க, அதே கதைதான் எங்க ஷிஃப்டுலயும். காப்பாத்துறதும் எழுதுறதும் லேப்லயே பழகலன்னா வேலைக்கு வந்து ஆறு மாசம் தவிக்குதுங்க, சிலது பயந்து வேலையையே விட்டுடுது, எனக்கு அதைப் பாக்கவே கஷ்டமா இருக்கு.

அமெரிக்காவுல இதை ரொம்ப முன்னாடியே யோசிச்சுட்டாங்க. 2009ல இருந்து சைபர்பேட்ரியட்னு ஸ்கூல் பசங்களுக்கு ஒரு போட்டி, ஓட்டை உள்ள ஒரு வர்ச்சுவல் மெஷினை, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டரைக் குடுத்து இதைப் பத்திரப்படுத்துன்னு சொல்லிடுவாங்க. இருக்கக் கூடாத யூசர் அக்கவுண்ட், சொத்தைப் பாஸ்வேர்ட், அப்டேட் ஆகாத சாஃப்ட்வேர், தேவையில்லாம ஓடுற சர்வீஸ், ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு அடைக்க அடைக்க பாயிண்ட் ஏறும். ஆனா பத்திரப்படுத்துறேன்னு ஓடவேண்டிய சர்வீஸையே நிறுத்திட்டா பாயிண்ட் போயிடும். எவ்வளவு நல்ல விதி பாரு, ஆஸ்பத்திரி சர்வரைப் பாதுகாக்குறேன்னு சொல்லி ஆஃப் பண்ணி வைக்க முடியுமா? காலேஜ் பசங்களுக்கு சிசிடிசின்னு இன்னொண்ணு, 2005ல சான் அன்டோனியோவுல டெக்சாஸ் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது. பசங்க டீமுக்கு ஒரு கம்பெனி நெட்வொர்க்கையே குடுத்துடுவாங்க, வெளிய இருந்து தொழில்முறை ஆளுங்க தாக்கிக்கிட்டே இருப்பாங்க, அதுக்கு நடுவுல மேனேஜ்மெண்ட் கிட்ட இருந்து புதுசா ஆளு சேந்திருக்காங்க அக்கவுண்ட் போடு, என்ன நடந்துச்சுன்னு டைரக்டருக்கு ஒரு மெமோ எழுதுன்னு வேலை வந்துக்கிட்டே இருக்கும். எங்க ஆபீஸ்ல ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இப்படித்தாண்டி இருக்கும்.

ஹேக்கிங் பக்கம் போற பசங்களுக்கும் எழுத்துல இருந்து தப்பிக்க வழி இல்ல. ஹேக்கிங் சர்டிஃபிகேட்டுக்கான ஓஎஸ்சிபி பரீட்சை தெரியுமில்ல, கிட்டத்தட்ட 24 மணி நேரம் மெஷினை உடைக்கணும், அப்புறம் இன்னொரு 24 மணி நேரத்துல ரிப்போர்ட் அனுப்பணும், ரிப்போர்ட் அனுப்பலன்னா உடைச்சதுக்கெல்லாம் மார்க்கே கிடையாது.

அதனால உன் லேபுக்கு நான் சொல்றது இது. செமஸ்டர்ல ஒரு சனிக்கிழமை, காலையில 10 மணிக்கு மூணாம் வருஷ ஐடி பசங்க நாலஞ்சு பேரு தாக்கட்டும், ரெண்டாம் வருஷம் காக்கட்டும். ஒரு சிஸ்டத்துல வாஸூ போட்டுடு, ஓப்பன் சோர்ஸ்தான், எல்லா மெஷின் லாகும் அங்க வந்து சேரும். சாயங்காலம் 4 மணிக்கு ஒரு பக்க ரிப்போர்ட் உன் மேஜையில இருக்கணும். ஏன் 4 மணின்னா, சைபர் தாக்குதலைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு செர்ட் இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தெரிவிச்சாகணும், 180 நாளைக்கு லாக் வச்சிருக்கணும். பசங்களுக்கு அந்த 6 மணி நேரம் எவ்வளவு சின்னதுன்னு உடம்புல தெரியணும். மொத ரிப்போர்ட்டைத் தமிழ்லயே எழுதச் சொல்லு. என்ன நடந்துச்சுன்னு தெளிவா யோசிக்கத் தெரிஞ்சுட்டா இங்கிலீஷ்ல மாத்தறது பழக்கம்தான், இங்கிலீஷ் பயத்துல யோசிக்கறதையே நிறுத்திடுற பிள்ளைங்களை நான் நெறைய பாத்துட்டேன்.

உன் பசங்கள்ல பாதிப் பேரு ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம்னு சொன்னியே, அதுங்களுக்குக் கூடங்குளத்தையே பாடமா எடு. 2019 அக்டோபர்ல அணுமின் நிலையத்துல மால்வேர்னு செய்தி வந்துச்சு, மொதல்ல இல்லன்னாங்க, மறுநாளே அணுமின் கழகம் ஆமான்னு ஒத்துக்கிச்சு, நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்டோட இணைஞ்சிருந்த ஒரு பிசில இருந்துச்சு, முக்கியமான உள் நெட்வொர்க் அதுல இருந்து தனியா பிரிஞ்சிருக்குன்னு சொன்னாங்க. நெட்வொர்க்கை ஏன் பிரிச்சு வைக்கணும்னு இதை விட பக்கத்துல இருந்து ஒரு உதாரணம் எங்க கிடைக்கும்? லேப்ல ரெண்டு ஸ்விட்ச் வச்சு அதையே கட்டிப் பாக்கச் சொல்லு.

ஒரு விஷயத்துல மட்டும் நீ கறாரா இருக்கணும் செல்வி. ரெண்டு கமாண்ட் தெரிஞ்சதும் பசங்களுக்குக் கை அரிக்கும், காலேஜ் நிர்வாக சாஃப்ட்வேரான ஈஆர்பியை ஸ்கேன் பண்ணிப் பாப்போமான்னு தோணும். மொத நாளே எல்லார்கிட்டயும் எழுதி வாங்கிடு, எழுத்துல அனுமதி இல்லாத எந்த மெஷினையும் தொடமாட்டேன்னு. ஐடி சட்டத்துல 43வது பிரிவு நஷ்ட ஈடு, கெட்ட எண்ணத்தோட செஞ்சான்னு ஆனா 66வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். உன் தாக்குதல் நடக்குற சிஸ்டம் எல்லாம் இன்டர்நெட் ஒயர் பிடுங்கின தனி ஸ்விட்ச்ல இருக்கட்டும், வர்ச்சுவல்பாக்ஸ்னா ஹோஸ்ட் ஒன்லில, அதாவது அந்த ஒரு சிஸ்டத்துக்குள்ளயே அடங்குற நெட்வொர்க்ல வை. பிரின்சிபால்கிட்டயும் லேபுக்கான அனுமதியைக் கையெழுத்தோட வாங்கிக்கோ, நாளைக்கு ஏதாவதுன்னா உன்னைத்தான் கேப்பாங்க.

நைட் ஷிஃப்டைப் பத்தியும் பசங்ககிட்ட, முக்கியமா பொண்ணுங்க வீட்டுல, மறைக்காம பேசிடு. வண்டி வீடு வரைக்கும் வருமா, ஆறு மாசத்துக்கப்புறம் ஷிஃப்ட் மாறுமான்னு இன்டர்வியூலயே கேக்கலாம், கேட்டா தப்பா நினைக்கமாட்டாங்க. பேசாம விட்டா ஆஃபர் லெட்டர் வந்தப்புறம் வீட்டுல வேண்டாம்னு சொல்லி அது பாட்டுக்குப் போயிடுது.

ஆயுத பூஜை லீவுக்கு நான் ஊருக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு விவரம் அனுப்பு, லேப் சிஸ்டத்துல ரேம் எவ்வளவு, பயாஸ்ல வர்ச்சுவலைசேஷன் ஆன் பண்ண உங்க சிஸ்டம் அட்மின் ஒத்துப்பாரா. 8 ஜிபி இருந்தா தாக்குறதுக்கான காலி லினக்ஸும் தாக்கப்படுற ஒரு மெஷினும் ஓடிடும், வாஸூவுக்கு மட்டும் 16 ஜிபில ஒண்ணு தேத்திடு. லீவுல ஒரு நாள் காலேஜைத் திறந்து வச்சா நானே வந்து வாஸூ போட்டுக் குடுத்துட்டு அந்த லாக் பேப்பரையும் பசங்ககிட்ட குடுத்துப் பாக்குறேன். அம்மாகிட்ட நான் கேட்டதா சொல்லு, வர்றப்ப அவங்களுக்குப் பிடிச்ச ஃபில்டர் காப்பித் தூள் வாங்கிட்டு வர்றேன்.

அன்புடன்
மீனா