பச்சை முக்கோணமும் பாசன வாய்க்காலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வைகையில் சாக்கடை கலப்பதைப் பற்றி அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். சரிதான். நகரத்துக்கு மேலே, சோழவந்தான் வாய்க்கால்களில் விவசாயிகள் நாங்கள் பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கலப்பதை யாரும் எழுதக் காணோம். நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு 60 சென்ட் வெற்றிலைக் கொடிக்கால். மழைக்காலத்தில் வாடல் நோய் விழுந்தால் கொடி மளமளவென்று சாய்ந்துவிடும். அதனால் மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கரைத்து, போர்டோ கலவை என்கிற பூஞ்சைக்கொல்லியைத் தூரில் ஊற்றுவோம். கலவையில் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை. கொடி கருகிவிடக் கூடாதே என்று இத்தனை பக்குவம் பார்க்கிற நான், வேலை முடிந்ததும் வாளியையும் டேங்கையும் கழுவியது வாய்க்காலில்தான். இருபது வருடமாக.

செம்பு மக்கிப் போகிற பொருள் இல்லை. கண்மாய் வண்டலில் தங்கிவிடும். அந்த வண்டலைத்தான் கோடையில் அள்ளி வயலுக்கு அடிக்கிறோம். கொஞ்சம் செம்பே நத்தைக்கும் மீன்குஞ்சுக்கும் நஞ்சு.

அப்புறம் கடையில் வாங்கும் பூஞ்சைக்கொல்லிகள்: மேன்கோசெப், கார்பன்டசிம், நெல் குலைநோய்க்கு டிரைசைக்ளசோல். மேன்கோசெப் வாங்கும்போது கடைக்காரர், "பச்சை முக்கோணம்தாண்ணே, பயப்படாதீங்க" என்றார். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் அந்த முக்கோணத்தின் நிறம், மனுஷன் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்கிற கணக்கு. மீன் அந்தக் கணக்கில் வராது. மேன்கோசெப் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் விஷம்.

சரி, தண்ணீரைப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா? நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் பயிர் மருந்துகளுக்கென்று 18 பெயர் கொண்ட பட்டியல் இருக்கிறது. எல்லாம் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும்தான். பூஞ்சைக்கொல்லி ஒன்றுகூட இல்லை. செம்புக்கு மட்டும் வேறிடத்தில் அளவு உண்டு. ஐரோப்பாவிலோ, செம்பு நீங்கலாக, எந்தப் பயிர் மருந்தானாலும் குடிநீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

இது எங்களோடு தொடங்குவதும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களின் வடிகாலும் வைகைக்குத்தான் வருகிறது. ஆகவே சோழவந்தானில் ஒரு பாட்டில், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் ஒன்று, கடலில் சேரும் ஆற்றங்கரையில் ஒன்று எடுத்து, பூஞ்சைக்கொல்லிக்கென்றே பரிசோதிக்க வேண்டும். ஐப்பசி முதல் வெள்ளத்தில் எடுக்கட்டும். சித்திரையில் போனால் அழகர் இறங்கவே அணையைத் திறக்க வேண்டியிருக்கிறது.

இப்போது டேங்க் கழுவிய தண்ணீரை மறுபடி கொடிக்கே தெளித்துவிடுகிறேன். பக்கத்துக் கொடிக்கால்காரர் சிரிக்கிறார்.

இப்படிக்கு,
கொடிக்கால் விவசாயி ஒருவர்,
சோழவந்தான்.