எல்லாக் காரும் ஒரே மாதிரி ஏன்?

பட்டர்வொர்த்

அன்புள்ள செல்வம்,

பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானாமே, சந்தோஷம். இங்கே சின்னவளுக்குப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்து, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறாள்.

இப்போது வரும் கார்களுக்கெல்லாம் முகம்தான் வேறு, உடம்பு ஒன்று என்று அலுத்துக்கொண்டிருந்தாய். காற்றுதான் காரணம். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது, எண்ணெய் எரிந்து சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிறது. அதனால் யார் செய்தாலும் சாய்ந்த முன்கண்ணாடி, மெல்லத் தாழும் கூரை, பின்னால் சட்டென்று வெட்டிய வால் என்று ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அந்த வால் வெட்டு 1930-களில் வுனிபால்ட் காம் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்தது. 2003-ல் வந்த டொயோட்டா பிரியஸின் பின்பக்கத்தைப் பார், அதேதான்.

தெரிந்தும் யாரும் அவசரப்படவில்லை. 1934-லேயே கிரைஸ்லர் காற்றுக்கேற்ற வடிவில் ஏர்ஃபுளோ என்ற காரை இறக்கியது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். எண்ணெய் மலிவாய் இருந்தால் யாருக்கு என்ன கவலை? 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோதுதான் உறைத்தது. 1975-ல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் போட்டது. 1982-ல் வந்த ஆவ்டி 100-ன் காற்றெதிர்ப்புக் கெழு (வடிவத்தைக் காற்று எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) 0.30, ஜன்னல் கண்ணாடியைக்கூட உடம்போடு சமமாகப் பதித்திருந்தார்கள்.

1985-ல் வந்த நம் மலேசியாவின் முதல் புரோட்டோன் சாகாவோ பெட்டிமேல் பெட்டி வைத்தாற்போல இருக்கும். எண்ணெயைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டர் வேறு, குத்துமதிப்பாக ஊற்றும். இன்றைய இன்ஜெக்‌ஷன் கணினி சொல்லும் அளவுக்குத்தான் தெளிக்கிறது.

ஆனால் உன் ஃபெடரல் ஹைவே நெரிசலில் வடிவம் ஒன்றுக்கும் உதவாது. அங்கே எண்ணெயைத் தின்பது வண்டியின் எடையும், நின்றபடி ஓடும் எஞ்சினும்தான். பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியைப் பேட்டரியில் பிடித்துவைத்து, மறுபடி நகரும்போது கொடுக்கிற ஹைபிரிட் காருக்கு அங்கேதான் மதிப்பு.

நீ எஸ்யூவி வாங்கப்போவதாக எழுதியதால்தான் இவ்வளவும். கெழு எத்தனை குறைந்தாலும் அதை முகப்பின் பரப்பால் பெருக்கித்தான் காற்று கணக்குப் பார்க்கும். இத்தனை வருஷம் இழைத்து இழைத்து மிச்சம் பிடித்ததை உயரத்துக்காகத் தாரை வார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. முட்டிவலிக்கு ஏறி இறங்கச் சுலபம் என்றால் வாங்கிக்கொள், நான் வாய் திறக்க மாட்டேன். கூரையில் சாமான் கம்பி மட்டும் மாட்டாதே.

தைப்பூசத்துக்கு எந்த வண்டியில் வந்தாலும் தண்ணீர்மலை அடிவாரத்தில் நிறுத்த இடம் கிடைக்காது. எங்கள் வீட்டில் விட்டுவிடு, ஃபெரியில் போவோம்.

உன் அன்பு நண்பன்,
ராஜு