உனக்குச் சொல்லாமல் நடந்த வழி

அன்பு மகளுக்கு,

இதை வாசித்துவிட்டு நீ அம்மாவைத் திட்டக்கூடாது. அவளுக்கே இரண்டாம் நாள்தான் தெரியும். சுவிண்டனுக்கு ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து இறங்கினேன். அது முழுப் பொய் இல்லை. நடை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஏவ்பரிக்குப் போகும் பஸ்ஸை சுவிண்டனில்தான் பிடித்தேன்.

"64 வயதில், இந்த முழங்காலோடு, தனியாகவா?" என்று தொலைபேசியில் நீ கேட்டாய். "சரி பிள்ளை, போகவில்லை" என்றேன். ஆனால் நீ மெல்பேர்னுக்குப் புறப்பட்டபோது விட்டுப்போன வரைபடம் இரண்டு வருடமாக அலுமாரியின் மேல் கிடந்தது. தெற்கு இங்கிலாந்தில் ஓவர்டன் ஹில்லிலிருந்து ஐவிங்ஹோ பீக்கன் வரை, ரிட்ஜ்வே என்னும் பழைய நடைபாதை 139 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் நீ பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாய். தூசி தட்டும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். போய்விட்டேன். நான்கு நாளில் கோரிங் வரை, கிட்டத்தட்ட 69 கிலோமீட்டர்.

முதல் நாள் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பாதை வெள்ளையாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் 11 வருடம் கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடித்த கை இது. இங்கே அந்த வெண்கட்டியின் மேலேயே நடக்கிறேன்! கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் ஓடுகள் 7 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்து இறுகியதுதான் இந்த மேடு முழுவதும். நடுவே கரிய சிக்கிமுக்கிக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும், காலைப் பார்த்து வைக்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கில் களிமண்ணும் சேறும் காடுமாக இருந்த காலத்தில், மேட்டில் மட்டும்தான் கால் காய்ந்திருக்கும். அதனால் குறைந்தது 5000 ஆண்டாக மனிதர்கள் இதன்மேல் நடக்கிறார்கள் என்பார்கள். பிற்காலத்தில் மாட்டுக்காரர்களும் ஆட்டுக்காரர்களும் சுங்கச்சாவடிகளுக்குக் காசு கொடுக்காமல் மந்தைகளை இப்படித்தான் ஓட்டிப் போயிருக்கிறார்கள். அவர்களை எனக்குப் பிடித்துவிட்டது.

மேட்டில் தண்ணீர்தான் இல்லை. பெய்கிற மழையைக் கல் குடித்துவிடும். குடித்த நீர் அடிவாரத்தில் ஊற்றாக வரும், ஊர்களும் அந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இருக்கின்றன. நம் ஊரிலும் ஆறு கிடையாது. சுண்ணக்கல் குடித்ததைக் கிணறு திருப்பித் தருகிறது. நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்து நீ பயந்து அழுதது ஞாபகமிருக்கிறதா? மூன்றாம் நாள் என் போத்தல் காலியாகிவிட்டது. நல்ல வேளை, வழியோரத்தில் ஒரு குழாய் இருந்தது. நாட்டுப்புறத்தை நேசித்த 14 வயதுச் சிறுவன் ஒருவனின் நினைவாக வைத்தது என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு தரம் நிரப்பினேன். பிறகும் உடனே நடக்க மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மலைச்சரிவில் வெட்டிய அஃபிங்டன் வெள்ளைக் குதிரை உருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 110 மீட்டர் நீளம். பக்கத்தில் போய் நின்றால் குதிரையே தெரியாது. புல்லுக்கு நடுவே வளைந்து போகும் வெள்ளைக் கோடுகள்தான். முழுதாகப் பார்க்க வேண்டுமானால் தூரத்துக்குப் போக வேண்டும், அல்லது பறக்க வேண்டும். மண் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1990களில் அதைக் கொண்டு பார்த்து, கி.மு. 1380க்கும் 550க்கும் இடையில் வெட்டியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு. குழி வெட்டி வெண்கல்லை நிரப்பிய உருவம் இது. களை பிடுங்கிப் புதுக் கல் இடித்துப் போடாமல் விட்டால் புல் மூடிவிடும். அப்படியானால் இத்தனை தலைமுறையும் யாரோ மேடேறி வந்து சுரண்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த வேலை முடிந்ததும் விளையாட்டும் விருந்துமாகத் திருவிழாவே நடக்குமாம். இரண்டாம் உலகப் போரில், எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்று குதிரையை மூடி மறைத்து வைத்து, போர் முடிந்ததும் திறந்தார்கள். பார்க்க நாய் மாதிரி இருக்கிறது என்று சொன்னால் கோபிப்பார்கள், ஆனாலும் எனக்கு அப்படித்தான் பட்டது.

குதிரைக்குச் சற்று முன்னால் வேலண்டின் கொல்லன் பட்டறை வரும். உண்மையில் அது குதிரையைவிடவும் பழைய கற்காலக் கல்லறை. லாடம் கழன்ற குதிரையை அங்கே கட்டி ஒரு காசையும் வைத்துவிட்டுப் போனால், கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைப்பானாம். என் சப்பாத்தின் அடி வாய் பிளந்திருந்தது. காசு எடுக்கப் பைக்குள் கை விட்டேன், பக்கத்தில் ஆள் நின்றதால் விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் லிடிங்டனைத் தாண்டி, பாதை எம்4 நெடுஞ்சாலையைப் பாலத்தில் கடந்தது. கீழே லாரிகள். ரெடிங்கிலிருந்து பிரிஸ்டலுக்கு இரவு வான் ஓட்டிய 17 வருடமும் இந்தப் பாலத்துக்கு அடியால்தான் போய்வந்தேன். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்ததில்லை. நீ தூங்கும்போது போய் நீ பள்ளிக்கூடம் போன பிறகு வருகிறவனுக்கு, மேலே என்ன இருந்தால் என்ன? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாவது நின்றிருப்பேன். யாரோ ஒரு வான்காரன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான்.

மறைத்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் காலை மழை. நனைந்த வெண்கட்டி சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அந்த முழங்கால்தான், வேறெது? குதிரையில் வந்த ஒரு பெண் இறங்கித் தூக்கிவிட்டு, நான் எழுந்து நடக்கும் வரை கூடவே நின்றாள். அவளும் "தனியாகவா?" என்றுதான் கேட்டாள்.

ஸ்ட்ரீட்லியில் தேம்ஸ் நதிப் பாலத்தைக் கடந்தால் கோரிங் ரயில் நிலையம். டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, உன் பென்சில் கோட்டின் மேல் அதுவரைக்கும் பேனாவால் வரைந்தேன். மிச்சம் பென்சிலிலேயே இருக்கிறது. சில்டர்ன் மலைகள், ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விட்ட 'ரெட் கைட்' பருந்துகள், பிரதமரின் செக்கர்ஸ் மாளிகைக்குப் போகும் வழியைக் குறுக்கே கடக்கும் இடம் எல்லாம் அந்தப் பாதியில்தான் வருகின்றன.

மே மாதம் வரும்போது பழைய சப்பாத்தைக் கொண்டு வா, புதியது கடிக்கும். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன். வீக்கம் வற்றிவிட்டதா என்று அம்மாவிடம் கேட்காதே, அவளுக்கு விழுந்த கதை தெரியாது.

அன்புடன்,
அப்பா