18 வயதுக்குப் பிறகும் ஆட்டிசம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தால் பத்திரிகைகளில் கட்டுரைகள் வரிசை கட்டுகின்றன. குழந்தை கண்ணைப் பார்த்துப் பேசவில்லையா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறார்கள். அவசியமான செய்திதான். ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளாவதைப் பற்றி எழுதுபவர்கள் அபூர்வம். என் தம்பிக்கு 26 வயது. அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

18 வயது வரை சிறப்புப் பள்ளி, ஸ்பீச் தெரபி என்று நாள் ஓடிவிடும். அப்புறம் வீடுதான் கதி. அப்பா இறந்த பிறகு, தம்பி பெயரில் இருந்த கணக்கு விஷயமாக ஒரு வங்கிக்குப் போனோம். டோக்கன் எண்ணைக் கூப்பிடும் மணிச் சத்தம் அவனுக்கு ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நாற்காலி வரிசைக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தான். "அவரே கையெழுத்துப் போடணும், இல்லன்னா கார்டியன் சர்ட்டிஃபிகேட் கொண்டாங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். "நான்தானே சார் பெத்தவ" என்றார் அம்மா. 18 முடிந்துவிட்டால் பெற்றவர்கூடச் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் போய்வந்த பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஒருவரும் சொல்லவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கும் பொருந்தும். மாவட்டக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்தால் விசாரித்து, சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பார்கள். தன் காரியத்தைத் தானே முடிவு செய்யக்கூடியவருக்கு இது தேவையில்லை. அப்படிப்பட்டவர் மேல் திணிக்கவும் கூடாது. மனநோய் உள்ளவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள். அவர்களுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தங்கள் சிகிச்சை விஷயத்தில் துணை நிற்க நம்பகமான ஒருவரை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோ கைநாட்டு வைத்தோ அவர்களே நியமித்துக்கொள்ளலாம்.

1999 சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வயது வரம்பு கிடையாது. தெரபிச் செலவுக்கும் உண்டு. மார்ச் 31-க்குள் புதுப்பிக்கத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் தங்கி வாழ 'கரோந்தா' என்ற திட்டமும் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட இல்லங்கள் தேவைக்கு முன்னால் மிகச் சொற்பம். 'நமக்கப்புறம் இவனை யார் பார்ப்பா' என்ற கவலையிலேயே தூக்கத்தைத் தொலைத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் 14416-க்கு அழைக்கலாம். டெலிமானஸ் என்ற இந்த இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் கூப்பிடுவதில்லை. கவனித்துக்கொள்பவர்களுக்கும் அது உண்டு.

அரசிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சிறப்புப் பள்ளியில் பிள்ளைக்கு 17 வயது ஆகும்போதே, பாதுகாவலர் மனு, நிராமயா, அடையாள அட்டை எல்லாவற்றையும் பெற்றோருக்கு விளக்கிச் சொல்வதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தன் கடமையாக வைத்துக்கொள்ள வேண்டும். மனு வாங்கவும் கலெக்டர் தலைமையிலான அந்த உள்ளூர்க் குழுவே பள்ளிக்கு வரலாம். கூட்டம் தாங்காத பிள்ளையைக் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் மணிக்கணக்கில் உட்கார வைக்க வேண்டியதில்லை என்றாலே, பயந்து ஒதுங்கியிருக்கும் பெற்றோர் பலர் மனு போட முன்வருவார்கள்.

ஒரு வாசகி,
திருச்சி