முத்திரையோடு நிக்கல் அளவும் தேவை

ஆசிரியருக்கு,

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய 2024 மார்ச் ஆணை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். வரவேற்கிறேன். ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முத்திரை மட்டும் போதாது. எவர்சில்வர் எஃகில் கலந்துள்ள நிக்கல் உலோகத்தின் அளவு ரகத்துக்கு ரகம் மாறுவதால், எஃகின் ரகமும் தெரிய வேண்டும். 304 ரகத்தில் நிக்கல் சுமார் 8 சதவீதம். 430 ரகத்தில் பெயரளவுக்கே. புளி, தக்காளி நெடுநேரம் கொதிக்கையில், அதிலும் புதுப் பாத்திரத்தில், நிக்கல் கூடுதலாகக் கசியும். பெரும்பாலோருக்கு இதனால் பாதிப்பில்லை, பீதி வேண்டாம்.

கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகும் என் மகளுக்கு விரலிடுக்குகளில் நீர்க்கொப்புளங்கள் வந்தன. தோலில் பட்டை ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையில் நிக்கல் ஒவ்வாமை உறுதியானது. புளிக்குழம்பு மண்சட்டிக்கு மாறியது. 430 ரகம் கேட்டுக் கடை கடையாக ஏறினேன். “கனத்தைப் பாருங்கம்மா, அசல் எவர்சில்வர்” என்பதே பதில். காந்தம் ஒட்டினால் 430, ஒட்டாவிட்டால் 304 என்று கணிக்கும் காந்தச் சோதனையையும் முழுதாக நம்ப முடியாது. இண்டக்‌ஷன் பாத்திரங்கள் பலவற்றில் அடித்தட்டு மட்டுமே காந்தத்தில் ஒட்டும், குழம்பு படும் உட்புறம் வேறு ரகமாக இருக்கும். வாங்குபவர் பெயரையே நொடியில் வெட்டித் தருகிறார்கள் கடைக்காரர்கள். ரக எண்ணையும் நிக்கல் சதவீதத்தையும் பாத்திரத்தின் அடியில் தெளிவாகப் பொறிக்குமாறு உற்பத்தியாளர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் உத்தரவிடலாம்.

– ஒரு வாசகி, கும்பகோணம்