மொய் நோட்டில் எழுதியவர்களுக்கு

வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து
16 டிசம்பர் 2018, ஞாயிறு

வணக்கம்.

கஜா புயல் கரை கடந்து இன்றோடு ஒரு மாதம். அதற்குள் பெய்ட்டி என்று அடுத்தது. நாளை ஆந்திரா பக்கம் போய்விடும் என்கிறார்கள். ஆனாலும் காலையிலிருந்து ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார்கள். கஜா என்றால் யானை என்று ஒருநாள் சொல்லித் தொலைத்துவிட்டேன். "இது என்ன மிருகம் டீச்சர்?" என்று வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்புப் பையன் கேட்கிறான்.

மானம் மறுபடி இருட்டுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

அன்று விடியக்காலை பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்ததைவிட, விடிந்த பிறகு பார்த்ததுதான் கொடுமை. தென்னை, மா, முந்திரி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ரோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முதலில் வந்தது நிவாரண லாரி இல்லை. மரம் அறுக்கிற மெஷினோடு பைக்கில் வந்த ஏழெட்டுப் பையன்கள். எந்த ஊர் என்று கேட்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்கள். அதனால் நோட்டில் 'மெஷின் தம்பிகள்' என்று மட்டும் இருக்கிறது.

நோட்டு என்றது, நனையாமல் தப்பிய ஒரே வருகைப் பதிவேட்டை. அதில் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று மொய் எழுதுவதுபோல எழுதி வைத்திருக்கிறேன். மற்ற பதிவேடுகளைத் தரையில் விரித்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, பிள்ளைகள்தான் உலர்த்தினார்கள். பாதி காய்ந்திருக்கும், அடுத்த வாரமே மழை. தார்ப்பாய் அனுப்பியவர்களே, அன்று உங்கள் தார்ப்பாய்க்குக் கீழே நாற்பது பேரும் டி.சி. புத்தகமும் ஒன்றாக ஒண்டியிருந்தோம்.

லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர் வைத்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் டேங்க்கை நிரப்பியவர்களுக்கு நன்றி. தன் வீட்டுக் கூரை போன இடத்தில் கீற்றுகூடப் போடாமல், பதினோரு நாள் பள்ளிக்கூடத்திலேயே ஊருக்குச் சோறு ஆக்கிய எங்கள் சத்துணவு அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் திட்டுவார். கிழிந்த துணி மூட்டைகள் அனுப்பியவர்களுக்கும் நன்றி, கரித்துணிக்குப் பஞ்சமில்லை. நோட்டு அனுப்பும் முன் போன் போட்டு "நாலு கோடா, ரெண்டு கோடா?" என்று கேட்ட ஈரோட்டு டீச்சரை மறக்கவே மாட்டேன். அந்த ஒரு கேள்வியில் எங்கள் பிள்ளைகளைப் பிள்ளைகளாக நினைத்தீர்கள் அம்மா.

ஈ.பி. ஆட்களைப் பற்றி எழுதினால் நோட்டு போதாது. டெல்டாவில் லட்சத்துக்கு மேல் போஸ்ட் விழுந்தது. எங்கெங்கிருந்தோ வந்து, சேறான வயலில் இடுப்பளவு இறங்கி, தோளில் போஸ்ட் தூக்கினார்கள். கேரளாவிலிருந்தும் வந்தார்கள். ஆகஸ்டில் அங்கே வந்த வெள்ளத்துக்கு எங்கள் பிள்ளைகள் உண்டியலை உடைத்து 1,340 ரூபாய் அனுப்பினார்கள். மொய் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பெரிதாகத் திரும்பும் என்று யாரும் நினைக்கவில்லை.

இன்று மதியம் நானும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பதிவேடுகளைப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடினோம். தார்ப்பாயை இரண்டு கயிறு கூடுதலாக இழுத்துக் கட்டியாயிற்று. டேங்க் நிரம்பியிருக்கிறது. போன மாதம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் போஸ்ட் நட்ட மதுரைக்கார அண்ணன் ஒருவர், எவர்சில்வர் டிபன் பாக்ஸைப் பள்ளித் திண்ணையில் விட்டுப் போய்விட்டார். மூடியில் பூப் போட்டிருக்கும். கழுவி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அந்தத் தட்டுவரை தண்ணீர் ஏறாது. எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்